மரகதம் கிழித்த நாவல்

எங்கள் தீவில், ஜங்லிகாட்டில் ரவிக்கை தைக்கிற மரகதம் ஒரு நாவலைக் கிழித்து எறிந்துவிட்டாளாம். செய்தியைக் கிளப்பியவர் எதிர்க்கடை மீன்காரர் பன்னீர்செல்வம். அவர் சொன்னது, "புஸ்தகமும் கத்திரியுமா உக்காந்திருந்தா" என்பது மட்டும்தான். அது ஆட்டோ பிடித்து குட்வில் எஸ்டேட்டில் போய் இறங்குவதற்குள் நன்றாகக் கொழுத்துவிட்டது. நாவலில் ஒருத்தி புருஷனை விட்டுப் போகிறாளாம், அது பிடிக்காமல் மரகதம் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சாக்கடையில் விட்டாளாம், மேலே ஒரு தடவை துப்பினாளாம். அந்தத் துப்பலைச் சேர்த்தவர் யாரோ, கைதேர்ந்த ஆள். நடந்தது இதைவிட ருசி. கேளுங்கள்.

மரகதம் வாய் நிறையக் குண்டூசி கடித்துக்கொண்டுதான் வேலை பார்ப்பாள். அந்த நேரத்தில் அவளிடம் புத்தகத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது. ஊசியை எல்லாம் எடுத்து வைத்துவிட்டுப் பேச ஆரம்பிப்பாள். அளவு கொடுக்க நின்றுகொண்டிருக்கிறவளின் தோள் கணக்கு காற்றோடு போய்விடும். பெண்கள் எழுதினால்தான் படிப்பாள். ஏன் என்றால், "ஆம்பளைங்க சொல்றதத்தான் வீட்லயே கேக்குறேனே" என்பாள்.

போன மாதம் படித்த நாவலில் ஒருத்தி அத்தியாயத்துக்கு ஒரு தடவை ஜன்னலில் நின்று அழுதாள். "அழட்டும், வேணாங்கல. அந்த வீட்ல தண்ணி பிடிக்கிறது யாரு? குழாய்ல தண்ணி வர்ற அன்னிக்குமா ஜன்னலு?" இன்னொரு கதையில் நாயகிக்குப் பிள்ளை பிறந்து அது பள்ளிக்கூடமே போய்விட்டது. மரகதத்தின் கவலை வேறு. "கல்யாணத்துக்குத் தச்ச அதே பச்ச ரவிக்கையப் போட்டுக்கிட்டுப் போறாளாம். பிரிச்சு விட்டாளா இல்லையான்னு ஒரு வரி எழுதலாம்ல?"

ஆனால் பிடித்துவிட்டால் அதோடு விடமாட்டாள். பெண் ஒருத்தி ஓட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற சுகத்தைப் பற்றி ஒரு கட்டுரை படித்தாள். மறுநாள் மத்தியானம் கடையைச் சாத்தினாள். அபர்டீன் பஜாருக்குப் போய் மூலை மேஜை பிடித்து, முழுச் சாப்பாடு சாப்பிட்டு, பீடாவும் போட்டுக்கொண்டு வந்தாள். "கட்டுரை பக்கா. சாம்பார்தான் சரியில்ல."

இந்தப் புத்தகமெல்லாம் குட்வில் எஸ்டேட் விசாலாட்சியின் தயவு. அரசாங்க ஆபீஸில் வேலை. லீவில் மெயின்லேண்ட் போய்விட்டுக் கப்பலேறும்போது அப்பளம், ஊறுகாயோடு புத்தகமும் ஏறும். இந்தத் தடவை வந்தது தலையணை மாதிரி ஒரே நாவல். பாதிக்குக் கிட்டே படித்தவள், "நெஞ்சுல வச்சுப் படிச்சா மூச்சு முட்டுது. நீங்கல்லாம் முடிச்சுட்டுக் குடுங்க" என்று மரகதத்திடம் தந்துவிட்டாள். மரகதத்துக்கு அடுத்த முறை, புரோத்ராபூரிலிருந்து பஸ்ஸில் காய்கறி கொண்டுவரும் ருக்குவுக்கு. அதற்கும் அடுத்தது டீச்சர் உமா மகேஸ்வரிக்கு.

"எந்தப் பக்கத்துல இருக்கீங்க மரகதக்கா?" என்று ருக்கு தினமும் கேட்டாள். "என் முறை வர்றதுக்குள்ள எனக்குக் கண்ணு போயிரும்."

இதில் மழை வேறு. ஈரத்தில் பசை விட்டு, நாவல் ஒருநாள் மரகதத்தின் மடியிலேயே வாயைப் பிளந்தது. அகலமான துணி கிடைத்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படி அதைப் பார்த்தாள். கத்திரியை எடுத்தாள். அத்தியாயம் முடிகிற இடமாகப் பார்த்து மூன்றாக வெட்டினாள். ஒவ்வொன்றையும் கோணி ஊசியால் தைத்து, மிச்சம் கிடந்த துணியில் அட்டை போட்டாள். அந்தச் சமயம் பார்த்துத்தான் பன்னீர்செல்வம் நிமிர்ந்தார்.

பஸ்ஸுக்கு அவசரமாக ஓடிய ருக்கு, "எது கனம் கம்மியோ அதக் குடுங்க" என்று கடைசிப் பாகத்தைப் பிடுங்கிக்கொண்டு போனாள். முதல் பாகம் டீச்சருக்கு. நடுப்பாகம் கடையில் தங்கியது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் படித்தார்கள். சண்டையும் ஒரே நேரத்தில் வந்தது.

"பெத்த பிள்ளைய விட்டுட்டுப் போறா. இவல்லாம் ஒரு பொம்பளையா?" என்றாள் ருக்கு.

"அவன் அவளைப் படுத்தின பாடு தெரியுமா உனக்கு?" டீச்சருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "தெய்வம் மாதிரிப் பொண்ணு."

"அது எனக்கு இன்னும் வரலயே டீச்சர்."

நடுப்பாகக்காரி ஊசிகளை எடுத்து வைத்தாள். "சோடோ, சோடோ, விடுங்க. நடுவுல அவளும் லேசுப்பட்டவ இல்ல."

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வதந்தி விசாலாட்சியின் காதை எட்டியது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டோடு கடைக்குள் வந்தாள்.

"அடுத்த கப்பலுக்கு டிக்கெட் போட்டாச்சு மரகதம். ஆனா இனிமே ஒரு தாள்கூடக் கொண்டாந்து தர மாட்டேன். சாக்கடையில விடவா தூக்கிச் சுமந்தேன்?"

விசாலாட்சி கையை மூடிக்கொண்டால் மரகதத்துக்குப் புத்தகம் வர வேறு வழியே இல்லை. வாய் நிறைய ஊசி வேறு. நடுப்பாகத்தை எடுத்து நீட்டினாள்.

விசாலாட்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூப்போட்ட லைனிங் துணி, ஓரம் மடித்த தையல். கையில் லேசாக இருந்தது. பிரித்தாள், தான் விட்ட இடத்துக்குச் சற்று முன்னால்தான் ஆரம்பித்தது. நின்றபடி ஒரு பக்கம் படித்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து இன்னொரு பக்கம். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினாள். மீனுக்கு ஐஸ் போடுகிற சாக்கில் எட்டிப் பார்த்த பன்னீர்செல்வம் ஏமாந்துபோனார்.

"அடிப்பாவி, மாமியார்கிட்ட இப்படியா பேசுவா?" விசாலாட்சி தோள் குலுங்கச் சிரித்தாள். "கடைசிப் பாகம் யாருகிட்ட?"

மரகதம் ஒரு கையால் கூடை சுமக்கிற மாதிரி காட்டினாள்.

"ருக்குகிட்டயா? வாங்கி வை, ஊருக்குப் போறதுக்குள்ள முடிச்சிடறேன். இந்தத் தடவ ரெண்டு குண்டு நாவலா எடுத்தாரேன்." எழுந்தவள் நின்றாள். "அப்புறம் ஏன் நீ கிழிச்சேன்னு ஊரே சொல்லுது?"

மரகதம் வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள். எதிர்க்கடைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"கிழிக்கலக்கா, வெட்டுனேன். புடிக்காததுக்கு யாராச்சும் லைனிங் வச்சுத் தைப்பாங்களா?"