மொட்டைக் காரின் நான்கு குழாய்கள்

மணலை வறுக்கும்போது காய்ந்த, சற்றே கருகிய ஒரு வாசனை எழுந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு கார்த்திகை மாதம் முழுவதும் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அந்த வாசனைதான் இருந்தது. குடகனாற்றிலிருந்து சாக்கில் வந்த மணலை, அம்மா கடலை வறுக்கும் இரும்புச் சட்டியில் கொட்டி, ஈரம் போகும்வரை அப்பா கிளறிக்கொண்டிருப்பார். "இன்னிக்கு வெஞ்சனம் இதுதானா? தாளிக்கணுமா, அப்படியே எறக்கிரலாமா?" என்று அம்மா கேட்பாள்.

அப்பா பழனி சாலையில் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். அந்த மாதம் அங்கே வந்து நின்றது, கன்னிவாடிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவரின் மகன் ஓட்டிவந்த பழைய சீமைக் கார். கூரை கிடையாது; இரண்டு பேர் மட்டுமே உட்காரலாம். ஊரில் அதற்கு 'மொட்டைக் கார்' என்று பெயர். எஞ்சினின் நான்கு அறைகளிலிருந்தும் வரும் புகை ஒரே வார்ப்பிரும்புக் கட்டிக்குள் முட்டி மோதி வெளியேறியது. அதைக் கழற்றிவிட்டு, அறைக்கு ஒன்றாக நான்கு குழாய்கள் தனித்தனியே வளைந்துவந்து கீழே ஒன்றுசேரும்படி வைத்தால் வண்டி பறக்கும் என்று அந்த மகன் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் படித்திருந்தார். அதிலிருந்து கிழித்த ஒரு படம்தான் அப்பாவுக்குக் கிடைத்த ஆதாரம். தோப்புக்காரர் குடும்பத்துக்கு இரண்டு பேருந்துகள் ஓடின. குழாய்கள் சரியாக அமைந்தால் அந்தப் பேருந்துகளின் வேலையும் தன் பட்டறைக்கு வரும் என்று அப்பா எதிர்பார்த்தார்.

குழாய்க்குள் காய்ந்த மணலை இறுகத் திணித்து, இரு முனைகளிலும் மரக்கட்டை அடித்து, கரியடுப்பில் சிவக்கக் காய்ச்சினால் அது நசுங்காமல் வளையும். மணலில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் கட்டை பிய்த்துக்கொண்டு பாயும். முதல் நாள் பாய்ந்த கட்டை கூரைத் தகரத்தில் ஓட்டை போட்டது. அதற்குப் பிறகுதான் அம்மாவின் சட்டி பட்டறை வேலைக்கு வந்தது. மூன்று வாரத்தில் நான்கு குழாய்களும் வளைந்துவிட, அவற்றை எஞ்சினோடு இணைக்கும் நீண்ட இரும்புப் பட்டை மட்டும் மிச்சமிருந்தது. அதில் புகை வர நான்கு பெரிய துளைகள் வேண்டும். எஞ்சினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் 'ஸ்டட்' ஆணிகள் நுழைய ஆறு சிறிய துளைகள் வேண்டும். அந்த வேலையை அப்பா மாமாவிடம் கொடுத்தார்.

மாமா அம்மாவின் அண்ணன். நல்லாம்பட்டியில் பூட்டு செய்பவர். பட்டையில் விளக்குக் கரியைத் தடவி, எஞ்சினில் பொருத்திப் பார்த்து, உரசிய மேட்டை மட்டும் அரத்தால் ராவி, மறுபடி கரி தடவி, இப்படியே மூன்று நாள் உழைத்தார். நான்காம் நாள் பட்டை ஆறு ஆணிகளிலும் சத்தமில்லாமல் நுழைந்து உட்கார்ந்தது.

"தாள் நுழையாது போலிருக்கே மச்சான்," என்றார் அப்பா.

"தாளா? உன் மூச்சே நுழையாது மாப்ள. இது பூட்டுக்காரன் கை. உன் பஸ்ஸு தகரம்னு நெனச்சியா?"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். என் தங்கைக்கு வரும் தை மாதம் காதுகுத்து என்று முடிவாகியிருந்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவர் இந்த மாமாதான். எரியோடு ஊருக்கு அருகே இருந்த குலதெய்வக் கோயிலில் எத்தனை ஆடு வெட்டுவது என்று அன்று இருவரும் எங்கள் வீட்டில் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டபடி பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் தோப்புக்காரர் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து அப்பா காரை ஓட்டிப்போனார். வழியில் தோட்டங்களில் பூப்பறித்துக்கொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டு நிமிர்ந்து நின்றார்களாம். ரெட்டியார்சத்திரம் வருமுன்பே இரண்டு ஆணிகள் முறிந்தன. பிற்பகலில் கார் திரும்பியபோது ஒரு ஜோடி மாடு அதை இழுத்துவந்தது. எதிர்த் தேநீர்க் கடையிலிருந்து ஒருவர், "ஏலே, காத்தா பறக்கும்னாய்ங்க, காளைமாடுல்ல இழுக்குது!" என்று கத்தினார். கடையே சிரித்தது.

தோப்புக்காரர் மகன் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா அவரைப் பார்த்தார். பட்டறைக்குள் நின்ற மாமாவைப் பார்த்தார். "பூட்டு செய்யிறவன்கிட்ட மோட்டார் வேலையக் குடுத்தது என் தப்புங்க," என்றார்.

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி போட்டுக்கொண்டு நடந்துபோனார்.

அடுத்த நாள் அப்பா பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முறிந்த ஆணிகளை மாற்றிவிட்டு, பட்டையின் ஆறு சிறிய துளைகளையும் உருட்டு அரத்தால் அகலமாக்கினார். சூடேறினால் இரும்பு நீளும். துளையில் அதற்கு இடம் இல்லாவிட்டால் பட்டை ஆணியை நெரித்து முறித்துவிடும். பூட்டு சூடேறுவதில்லை என்பதால் மாமாவுக்கு இது தெரிய வழியில்லை. பேருந்துகளோடு இருபது ஆண்டு கழித்த அப்பாவுக்குத் தெரியும். மாமா இறந்த பிறகு ஒரே ஒருமுறை அப்பாவே என்னிடம் சொன்னார்: "எனக்குத் தெரியும்ப்பா. அது போயி உக்காந்த அழகுல மறந்துபோச்சு." துளைகள் அகலமானபின் கார் நன்றாகவே ஓடியது. இரண்டு பேருந்துகளும் பட்டறைக்கு வந்தன.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தைதானங்க. செத்த நேரம் போயி சொல்லிட்டு வந்துருங்க," என்று மார்கழி முழுவதும் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா "ஆகட்டும்" என்பார். கடைசியில் அம்மா வெற்றிலை பாக்குடன் என்னைக் கூட்டிக்கொண்டு தானே நல்லாம்பட்டிக்குப் போனாள்.

"என் தங்கச்சி மக காது. நான் வராம எவன் வருவான்?" என்றார் மாமா. பிறகு வாசலைப் பார்த்து, "மாப்ள வரலையா?" என்றார்.

"வேலைண்ணே."

"இம்புட்டு வேலையா?"

காதுகுத்தன்று பட்டுப்பாவாடையும் கம்மலும் தட்டில் வைத்து எடுத்துவந்தார். தங்கை அலறியபோது அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்பா இரண்டடி தள்ளி நின்றார். பந்திக்கு இலை போட்டார்கள். கை கழுவத் தண்ணீர்ச் செம்போடு அம்மா அண்ணன் முன்னால் போய் நின்றாள். மாமா அதை வாங்காமல் அப்பாவையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா குனிந்து, அவிழாத பந்தல் கயிறு ஒன்றை இறுக்கிக் கட்டத் தொடங்கினார்.

"வாரேன்த்தா," என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, கை நனைக்காமல் மாமா போய்விட்டார்.

அதன்பிறகும் எங்கள் வீட்டு நல்லது கெட்டதுகளுக்கு அவர் வராமலிருந்ததில்லை. தாய்மாமன் சீரில் ஒரு குறை வைக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் மட்டும் குடிக்கவில்லை. அம்மாவும் அண்ணன் வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் திரும்புவாள். கேட்டால் பசியில்லை என்பாள்.

இன்று மூவரும் இல்லை. மொட்டைக் கார் எங்கே போயிற்றென்று யாருக்கும் தெரியாது. பட்டறை இருந்த இடத்தில் கைபேசிக் கடை இருக்கிறது. நாற்பது ஆண்டுகள் செய்தித்தாளில் ஊரார் சண்டைகளை இரு தரப்பும் கேட்டு எழுதியவன், வீட்டுச் சண்டையில் ஒரு தரப்பை மட்டுமே கேட்டிருந்தேன். போன மாதம் நல்லாம்பட்டிக்குப் போய், மாமா மகனிடம் அப்பா சொன்னதைச் சொன்னேன். அவனுக்குத் தெரியாத செய்தி என்று நினைத்திருந்தேன்.

"எங்கப்பாவுக்குத் தெரியும் மாப்ள," என்றான் அவன். "அந்த மார்கழியிலயே சந்தைக்கிட்ட அந்தக் கார் நின்னுச்சாம். இவரு உள்ள குனிஞ்சு பாத்திருக்காரு. ஆறு ஓட்டையும் பெருசாக்கியிருந்துச்சாம். வீட்டுக்கு வந்து, 'மாப்ளைக்குத் தப்பு எங்கன்னு தெரிஞ்சிருச்சு. நாளைக்கு வருவாரு, கோழி அடிச்சு வையி'ன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்காரு."



உள்ளேயிருந்து அவன் மனைவி, "இலை போட்டாச்சு, வாங்கண்ணே," என்று கூப்பிட்டாள். வெயிலில் வந்த அலுப்பில் எனக்குப் பசியே இல்லை. கை கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.