அநுராதபுரத்துக்கு ஓர் ஊமை

யசோதா அக்கா போட்ட திட்டத்தில் ஓட்டை இருந்து நான் பார்த்ததில்லை. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் அண்ணன் பச்சைமுத்துவின் மனைவி. பெங்களூர் அல்சூரில் ஒரே சந்தில் அடுத்தடுத்து இரண்டு குடும்பமும் இருந்தோம். பிரேசர் டவுனில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆயா வேலை. நர்சுகளிடம் கன்னடம், பிள்ளை பெற வரும் முஸ்லிம் பெண்களிடம் உருது, டாக்டரம்மாவிடம் தெரிந்த மட்டுக்கு இங்கிலீஷ், வீட்டில் தமிழ் என்று அவள் வாய் மாறி மாறி ஓடும். நான் குடியாத்தத்திலிருந்து வாழ வந்தவள். எனக்குத் தமிழ் ஒன்றுதான் வரும். "பாஞ்சாலிக்கு அது ஒண்ணு போதும், நாலு பாஷை பேசறத அதுலயே பேசிடுவா" என்பாள் அக்கா. பொய்யில்லை.

பச்சைமுத்து மாமா பெயிண்டர். அவருடைய அப்பா கோலார் தங்கவயலில் வேலை பார்த்த காலத்தில் பௌத்தத்துக்கு வந்தவர். மாமாவுக்கு வாழ்நாளில் ஒரே ஓர் ஆசை: அநுராதபுரத்துப் போதி மரத்தைப் பார்த்துவிட வேண்டும். கயாவுக்கு ஒரு தடவை ரயிலேறிப் போய் வந்தாயிற்று. ஆனால் பழைய மரத்தின் கிளையைச் சங்கமித்தை கப்பலில் கொண்டுபோய் நட்டது அங்கேதான், இரண்டாயிரம் வருஷம் தாண்டியும் துளிர்க்கிறது என்று சொல்லும்போது மனிதர் கையிலிருக்கும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுவார். இலங்கையில் சண்டை நடந்தவரை அது வெறும் பேச்சு. இரண்டாயிரத்து மூன்றில் அங்கே சண்டை நிறுத்தம், ஜனங்கள் போய் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மாமா பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

அக்கா ஒரே வார்த்தையில் முடித்தாள். "வேணாம்."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எங்கள் சந்தில் எல்லோருக்கும் தெரியும். காவிரித் தகராறு நடந்த தொண்ணூற்றொன்று டிசம்பரில், வேலை முடிந்து வந்த மாமாவை வழியில் யாரோ நாலு பேர் மறித்து என்னவோ கேட்டார்கள். பெங்களூரிலேயே பிறந்தவர், கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் களைப்பில் வாய் தவறித் தமிழில் பதில் சொல்லிவிட்டார். இடது கை முறிந்தது. இன்றைக்கும் அந்த முழங்கை முழுக்க நீளாது. ரோட்டிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் சேர்த்தவரும் கன்னடக்காரர்தான், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அக்காவின் மனசில் நின்றது தமிழும் அடியும்தான்.

"இங்க ஒரு கை போச்சு. இன்னொரு கைய அங்க குடுத்துட்டு வரச் சொல்றீங்களா? அங்க தமிழு, சிங்களம்னு இருபது வருஷமா வெட்டிக்கினாங்க. அந்த மரத்தாண்டயே சுட்டாங்கன்னு பேப்பர்ல வந்துச்சு இல்ல?"

மாமா சண்டை போடவில்லை. போட்டோவைப் பெட்டியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். ராத்திரி வந்ததும் பெட்டியைத் திறந்து அதை ஒரு தடவை பார்ப்பார். ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்த்த அக்கா, அடுப்படியில் என்னிடம் வந்து குசுகுசுத்தாள். "பாஞ்சாலி, போய்ட்டு வந்துடலாம். ஆனா நம்ம திட்டப்படிதான்."

"நம்ம" என்றால் அவளுடைய என்று அர்த்தம். வீட்டை விட்டு இறங்கியதிலிருந்து திரும்பி வரும்வரை யாரும் தமிழில் பேசக்கூடாது. கன்னடம் மட்டும்தான். யார் கேட்டாலும் நாங்கள் கர்நாடகாக்காரர்கள். லீவு கிடைக்காததால் என் வீட்டுக்காரர் வரவில்லை. அக்காவுக்குத் துணையாக நான் போவதென்று முடிவானது. அங்கேதான் திட்டத்தில் இடி விழுந்தது.

சாயங்காலம் டீ குடித்ததும் ஒத்திகை. அக்கா போலீஸ்காரன். என் எதிரே விறைப்பாக நின்று, "நிம்ம ஹெசரு ஏனு?" என்பாள்.

"பாஞ்சாலி."

"எல்லிந்த பந்த்ரி?"

எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கிறாள், அது புரிகிறது. பதில்தான் குடியாத்தத்துக் குரலில் பாதித் தமிழாகவே வந்து விழும். மாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். பத்து நாள் முயன்று பார்த்த அக்கா கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு முகம் தெளிந்தது.

"பேஜாரே வேணாம். நீ ஊமை."

"என்னாது?"

"பொறவி ஊமை. யாராச்சும் கேட்டா கைய ஆட்டு. நான் சொல்லிக்கிறேன்."

"அக்கா, எட்டு நாளைக்கா? அதுக்கு என்னை இங்கயே குழி தோண்டிப் பொதைச்சிட்டுப் போயிடு!"

"பாஸ்போர்ட்டுல பொறந்த ஊரு குடியாத்தம்னு போட்டிருக்கே, அத என்னா பண்ணுவ?" என்றார் மாமா.

"அத யாரு சும்னே குந்திகினு படிப்பாங்க?" என்றாள் அக்கா. அதோடு விவாதம் முடிந்தது.

சென்னையில் விமானம் ஏறினோம். ஏறிப் பார்த்தால் முன்னும் பின்னும் தமிழ். பக்கத்து இருக்கை அம்மா என்னிடம் பெல்ட்டை எப்படிப் போடுவது என்று நல்ல தமிழில் கேட்டாள். நான் கையை ஆட்டினேன். அவள் "ஐயோ பாவம்" என்று சொல்லிக் கையிலிருந்த முறுக்கில் பாதியை எனக்குக் கொடுத்தாள். கொழும்பில் இறங்கினால் அதைவிட வேடிக்கை. போர்டில் தமிழ், பஸ்சில் தமிழ், ரூபாய் நோட்டிலேயே தமிழ். நான் அக்காவின் இடுப்பில் இடித்து இடித்துக் காட்டினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "எழுத்து வேற, வாய் வேற" என்று கன்னடத்தில் சீறினாள். பேசாமல் இருந்தால் புத்தி தெளியும் என்பார்கள். எனக்கு வயிற்றுவலிதான் வந்தது.

அநுராதபுரத்தில் மறுநாள் காலை மரத்தைப் பார்க்கப் போனோம். வெள்ளை உடுத்திய கூட்டம். வாசலில் ஒரு கிழவி நீல அல்லி விற்றுக்கொண்டிருந்தாள். மாமா ஒரு கைப்பிடி வாங்கினார். இதழை எப்படி மடித்து விரிப்பது என்று எனக்குச் செய்து காட்டிவிட்டு, சிங்களத்தில் என்னவோ கேட்டாள். பழக்க தோஷம், வாயைத் தொட்டுக் கையை ஆட்டினேன்.

அவள் முகம் வாடிப்போயிற்று. பூக்கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். அக்காவும் மாமாவும் பின்னாலேயே ஓடி வந்தார்கள். மண்டபத்தில் உட்கார்ந்திருந்த வயசான பிக்கு ஒருவரிடம் என்னைக் காட்டி, தன் வாயைத் தொட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அவர் கையில் கட்டுகிற வெள்ளை நூலை எடுத்து வைத்துக்கொண்டு எனக்காக ஓத ஆரம்பித்தார். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் கை கூப்பினார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி கூடக் கண்ணை மூடிக்கொண்டாள். முன்பின் தெரியாத இத்தனை பேர் எனக்குப் பேச்சு வரவேண்டும் என்று வேண்டுகிறார்கள். எனக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது.

அக்காவுக்கு நின்ற இடத்திலேயே வேர்த்துக் கொட்டியது. மாமா அவளைப் பார்த்தார். அந்த மரத்தை வைத்துக்கொண்டு இப்படியா என்று அவர் கண்ணே கேட்டது. அக்கா பிக்குவின் காலடியில் தடாலென்று விழுந்தாள்.

"சாமி, வேணாம் சாமி! அவளுக்கு நல்லாவே பேச வரும். நாங்க தமிழுங்க. பயந்துகினு இப்படிப் பண்ணிட்டோம். தப்புதான். என்னை என்னா வேணா பண்ணுங்க, எங்க வீட்டுக்காரர மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க!"

ஓதல் நின்றது. நான் மாமாவின் முன்னால் போய் நின்றுகொண்டேன். யாராவது கையை ஓங்கினால் முதல் அடி என் மேல் விழட்டும் என்றிருந்தது.

யாரும் ஓங்கவில்லை. பூக்காரக் கிழவிதான் குனிந்து அக்காவைத் தூக்கி உட்கார வைத்தாள். "எனக்குத் தமில் கொஞ்சம் தெரியும்" என்றாள். சண்டைக்கு முன்னால் வவுனியாச் சந்தையில் காய்கறி விற்றவளாம். அக்கா சொன்னதைப் பிக்குவுக்கு அவள்தான் சிங்களத்தில் எடுத்துச் சொன்னாள். அவருக்குத் தோள் குலுங்கச் சிரிப்பு. கூட்டத்திலும் சிரிப்பு பரவியது. அக்காவுக்கு மூச்சு திரும்பி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"பேசுற ஆளுக்கும் நூல் கட்டலாம்னு ஹாமுதுரு சொல்றது" என்றாள் கிழவி, பிக்குவைக் காட்டி. பிக்கு என் மணிக்கட்டில் கட்டினார்.

பிறகு கிழவி அக்காவின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். "பயம் எனக்கும் இருக்கு. என் மகன் யாப்பாணத்துல ரோட்டு வேலைக்குப் போயிருக்கான். கடைக்குப் போனா வாய் தொறக்க மாட்டான். கை காட்டித்தான் பாண், ரொட்டி வாங்குறது."

"அப்படின்னா சோறு, கொழம்புக்கெல்லாம் என்னாம்மா பண்றான்?" என்றேன் நான். மூன்று நாளாக அடைத்து வைத்த வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான். கிழவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "புள்ள பேரு என்னாம்மா?"

"சுனில்."

மாமாவின் கையிலிருந்த பூவை வாங்கிக்கொண்டு அக்கா மரத்துக்கு முன்னால் போனாள். பூவை வைத்தாள். "பகவானே, இந்தம்மா புள்ள சுனிலு வடக்க போயிருக்கான். அவன் வாயத் தொறந்து பேசினாலும் ஒருத்தரும் அவன ஒண்ணும் பண்ணக்கூடாது. முழுசா வூடு வந்து சேரணும்." சுற்றிலும் நூறு பேராவது இருந்திருப்பார்கள். அக்கா குரலைத் தாழ்த்தவே இல்லை.