ரஃபி ஒட்டிய சீட்டு

அந்தச் சீட்டை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் என் நண்பன் வேலையை இழந்தான்.

ஒன்பது ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் அலுவலகம், இரண்டாம் மாடி. கீழே லேத்துப் பட்டறை. அதன் அதிர்வில் எங்கள் மேசைத் தண்ணீர் பாட்டிலுக்குள் நாள் முழுவதும் சிற்றலை எழும். விமானத்தில் ஒருமுறைகூட ஏறியிராத நாங்கள் விமானிகளுக்காக வேலை செய்தோம்!

முன்பெல்லாம் விமானிகள் பெட்டி நிறைய வரைபடத் தாள்களைச் சுமந்து போவார்களாம். இப்போது எல்லாம் ஒரு டேப்லெட்டுக்குள் அடக்கம். மேகம் மூடித் தரை தெரியாதபோது, கருவிகளை மட்டும் நம்பி ஓடுபாதையில் இறங்குவதற்கென்று வகுத்த வழிகள் உண்டு. ஒரே ஓடுபாதைக்கு இரண்டு மூன்று வழிகள்கூட இருக்கும். விமானி பட்டியலைத் திறந்து தனக்கு வேண்டியதைத் தொடுவார். அந்தப் பட்டியலை நிரப்புவதே எங்கள் பணி. நான் பதிவேன், ரஃபி சரிபார்ப்பான். இருபத்தெட்டு நாளைக்கு ஒருமுறை புதிய பட்டியல் வெளியே போகும்.

ரஃபி பூந்தமல்லிக்காரன். அவன் அப்பா தையற்காரர். நான் வெள்ளானூர். என் அப்பா நாற்று நட்ட கைகளோடு தொழிற்சாலைக்குப் போனவர். நான் ஆவடியில் ரயிலேறி வருவேன். அவன் வேலப்பன்சாவடி நெரிசலில் பைக்கை நுழைத்து வருவான். எஸ்டேட் வாசல் தேநீர்க் கடையில் யார் முதலில் வந்தாலும் மற்றவனுக்காகக் காத்திருப்போம். அந்தக் காலைகள்... அந்தப் புகையும் இரைச்சலும்கூட எனக்கு இன்று எவ்வளவு இனிக்கின்றன!

வானத்தில் இடங்களுக்குப் பெயர் உண்டு, தெரியுமா உங்களுக்கு? ஐந்தே எழுத்தில், பொருளற்ற ஆங்கிலப் பெயர்கள். ரஃபி அவற்றைத் தமிழாக வாசித்துக் காட்டுவான்.

"இங்க பாரு மாமே, இன்னாத்துக்கு வந்தன்னு கேக்காமலே ஒர்த்தன் 'போடா'ங்கிறான்! நடுக்கடல்ல கீறான் இவன்!"

அறையே சிரிக்கும். சிரித்துக்கொண்டே அவன் கண் மட்டும் திரையை விட்டு அகலாது. அப்படியொரு கண் அவனுக்கு. என் பிழைகளை அவன் ஒன்றுவிடாமல் பிடித்துவிடுவான்.

முறைப்படி என்றால் பிழையுள்ள பதிவை அவன் கணினி வழியே திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பினால் என் பெயருக்கு எதிரே ஒரு பிழை ஏறும். அவன் அதைச் செய்ததே இல்லை. மஞ்சள் சீட்டில் எழுதி என் திரையோரம் ஒட்டுவான். "சரி பண்ணிடு மச்சான், நான் ஓகே குடுத்துட்டேன்" என்பான். என்மேல் அவன் வைத்த நம்பிக்கையின் அளவு அது.

அன்று பிற்பகல் நான் இருக்கைக்குத் திரும்பியபோது ரஃபி இல்லை. பள்ளியில் அவன் மகள் விழுந்துவிட்டாளென்று போன் வந்து கிளம்பிப் போயிருந்தான். திரையில் சீட்டு இருந்தது. ஏதோ ஒரு குளிர்நாட்டின் சிறிய விமான நிலையம். ஓடுபாதைக்கு இரண்டு வழிகள் இருக்க, நான் ஒன்றை விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தான்.

படித்தேன். அந்த இரண்டு வழிகளின் வரைபடங்களையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிந்தன. ஒன்றுதான் இருக்கிறதே, போதாதா? ஐந்தே முக்கால் ரயிலைப் பிடிக்க வேண்டும். நாளை பார்க்கலாம் என்று சீட்டை மேசை இழுப்பறையில் போட்டேன்.

சோம்பல். அதற்கு வேறு பெயரில்லை.

மறுநாள் மறந்துபோனேன். பட்டியல் வெளியே போயிற்று.

இரண்டு வாரங்களில் ஒரு விமானியிடமிருந்து கடிதம் வந்தது. கோபமே இல்லாத கடிதம். மேகம் மிகத் தாழ்ந்திருந்ததாம். பட்டியலில் இருந்த வழியில் அவ்வளவு தாழ இறங்க அனுமதியில்லை. இறங்கக்கூடிய இன்னொரு வழி டேப்லெட்டில் இல்லவே இல்லை. வரைபடம் இல்லாத வழியில் இறங்கக் கூடாது என்பதால் வேறு ஊருக்குத் திருப்பிக்கொண்டு போனாராம். விமானத்தில் ஒரு நோயாளி இருந்தாராம்.

அந்த நோயாளி என்ன ஆனார் என்று அவர் எழுதவில்லை. எனக்கு இன்றுவரை தெரியாது...

மேலாளர் அம்மையார் எங்கள் இருவரையும் அழைத்தார். அதற்குமுன் நான் செய்ததைக் கேளுங்கள். இழுப்பறையைத் திறந்து, சீட்டை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்! அப்போதே முடிவு செய்துவிட்டேனா? இல்லையென்றால் எதற்காக எடுத்தேன்?

"பதிவில விட்டுப் போறது சகஜம். அதுக்குத்தான் சரிபார்க்க ஆள் வச்சிருக்கு. நீங்க எப்படி ஓகே குடுத்தீங்க ரஃபி?"

"நான் பாத்தேன் மேடம். சீட்டு எழுதி இவன் ஸ்கிரீன்ல ஒட்டிட்டுத்தான் போனேன்." என் பக்கம் திரும்பினான். "ஒட்டியிருந்தேன்ல மச்சான்?"

என் நெஞ்சின்மேல், மெல்லிய துணிக்கு அப்பால், அந்தச் சீட்டு.

"இல்லியே ரஃபி... நான் பாக்கலியே."

அவன் கத்தியிருக்கலாம். பொய் சொல்கிறான் என்று என்னைச் சுட்டியிருக்கலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. என்னையே பார்த்தான். நெற்றியைச் சுருக்கி யோசித்தான்.

"அப்போ... ஒட்டலியோ என்னவோ மேடம். புள்ளைக்கு அடின்னு போன் வந்திச்சா, அந்த அவசரத்துல... ஒட்டுனாப்ல நெனச்சிக்கினேன் போல."

ஐயோ! என்னைச் சந்தேகிப்பதைவிடத் தன் நினைவைச் சந்தேகிப்பது அவனுக்கு எளிதாயிருந்தது!

அன்று மாலை ரயில் அண்ணனூரைத் தாண்டும்போது, கதவோரம் நின்று சீட்டைக் கிழித்துக் காற்றில் விட்டேன். அந்த மாதக் கடைசியில் ரஃபியை அனுப்பிவிட்டார்கள். அவன் இடத்துக்கு என்னை உயர்த்தினார்கள். இன்று நான் முகப்பேரில் சொந்த ஃபிளாட்டில் இருக்கிறேன்.

அவன் பூந்தமல்லியில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்தான். நான் அவ்வப்போது போவேன். போகாமலிருக்கவும் முடியவில்லை. ஒருமுறை ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்தான், திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தான். மறுபடி நடந்தான், மறுபடி திரும்பினான்.

அவன் மனைவி என்னிடம் சிரித்தபடி சொன்னார்: "ஊட்லயும் இப்டித்தாண்ணே. கேஸ நிறுத்துனனான்னு நாலு தபா கேப்பாரு. அந்த ஆபீஸ உட்டு வந்ததுலேர்ந்து இப்டித்தான் கீறாரு."

நானும் சிரித்தேன். நம்புவீர்களா? சிரித்தேன்!

போன மாதம் அழைத்தான். மகளைக் கல்லூரியில் சேர்க்கிறானாம், வேலப்பன்சாவடிக்கு வரச் சொன்னான். கல்லூரி வாசலில் பைக்மேல் விண்ணப்பத்தை விரித்துவைத்துக் காத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது.

"நீ ஒரு தபா படிச்சிப் பாத்துடு மச்சான். எனக்கு என் கண்ணு மேலயே நம்பிக்கை போயிட்ச்சி."

என் தவறுகளையெல்லாம் பிடித்த அந்தக் கண்! மூன்று முறை படித்தேன். அழகான, திருத்தமான எழுத்து. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

"ஒரு தப்பும் இல்லடா."

"நெஜமாவா?"

"நெஜமா."

இப்போது சொல்லிவிடு என்று உள்ளுக்குள் ஏதோ முட்டியது. உன் கண்ணுக்கு ஒன்றுமில்லை ரஃபி, உன் நினைவுக்கும் ஒன்றுமில்லை, நீ ஒட்டினாய், நான் பார்த்தேன்... நான்கு சொற்கள் போதும். வாயைத் திறக்கவும் திறந்தேன்.

அதற்குள் அவன் மகளுக்குப் போன் போட்டுவிட்டான்.

"பயப்படாதம்மா. எல்லாம் சரியா கீது. அத்தா பாத்தத உடு... அங்கிள் பாத்துட்டாரு."