முருங்கைக் கொம்பு அசிஸ்டென்ட்

அந்தத் தெருவில் ஏசி மெக்கானிக்குக்குக் 'காது' என்றுதான் பெயர். போனை மெஷினுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, சத்தத்தைக் கேட்டே பேரிங் போயிருக்கிறதா, போல்ட் கழன்றிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதரை ஏணி ஒருநாள் காலை வாரிவிட்டது. மாவுக்கட்டோடு ஜன்னலோரக் கட்டிலில் வந்து படுத்தார். மனைவியின் தையல் மெஷின் தலையில் குடும்பம் ஏறிக்கொண்டது.

ஓடியாடிய மனிதருக்குச் சும்மா கிடக்கத் தெரியவில்லை. ஒரு காலை வேளையில் ஜன்னலுக்கு மேலிருந்து டொக், டொக், டொக் என்று நிற்காமல் சத்தம் வந்தது. அங்கே மேல்வீட்டு டீச்சருடைய ஏசியின் வெளிப்பெட்டி இருந்தது. இவர் கையால் மாட்டியது. மனிதருக்கு மானமே போன மாதிரி ஆகிவிட்டது.

“ஃபேன் எங்கயோ தட்டுது. மேல போய் மெஷினை நிறுத்தச் சொல்லும்மா.”

தைத்துக்கொண்டிருந்த சட்டைக் கையை அப்படியே போட்டுவிட்டுப் படியேறியவள், போன வேகத்தில் திரும்பினாள்.

“வீடு பூட்டிக் கிடக்கு. டீச்சர் வேலைக்குப் போயாச்சு. மெஷின் ஓடவே இல்லைங்க.”

டொக், டொக் என்றது சத்தம். கால்தான் போயிற்று, காதுமா? உனக்கும் கேட்கிறதா என்று மனைவியிடம் கேட்கக்கூடப் பயமாக இருந்தது.

அவள் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து மேலே பார்த்தாள். “ஓடாத மெஷினை ரிப்பேர் பண்ணாதீங்க. அங்க உக்காந்திருக்கார் பாருங்க, உங்க அசிஸ்டென்ட்!”

ஜன்னலை ஒட்டி நின்ற முருங்கை மரத்தின் பட்டுப்போன கொம்பில் குருவி அளவில் ஒரு பச்சைப் பறவை. நெற்றியில் சிவப்பு, மார்பில் சிவப்பு. வாயைத் திறக்காமலே, ஒவ்வொரு டொக்குக்கும் தொண்டையை மட்டும் உப்ப வைத்துக்கொண்டிருந்தது. குக்குறுவான். ஏணியிலிருந்து விழுந்த பிறகு அவர் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

அதற்குப் பிறகு ஜன்னல்தான் அவருக்கு வேலைக்களம். துணிக்கொடியில் தேன்சிட்டு ஊஞ்சலாடும். மதில்மேல் ஓணான் தண்டால் எடுக்கும். மதியத்தில் ஒரு கீரி, வாடகை கேட்க வந்த ஆள் மாதிரி, முற்றத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும். இத்தனை வருஷம் இவர்களுக்கு நடுவில்தானா குடியிருந்தோம் என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அசிஸ்டென்ட்டும் ஜோடியும் அந்தக் கொம்பில் பொந்து குடைந்து குஞ்சு பொரித்தன.

கட்டுப் பிரித்தாயிற்று. கால் சரியாகிவிட்டது என்று டாக்டரும் சொல்லியாயிற்று. ஆனால் ஏணியின் இரண்டாம் படியில் கால் வைத்ததுமே உடம்பு வெடவெடத்தது. ஏணி ஏறாத ஏசி மெக்கானிக்கை யார் கூப்பிடுவார்கள்? “இன்னும் கொஞ்சம் வலி இருக்கு” என்று தினமும் ஒரு சாக்கு. மனைவி எதுவும் கேட்காமல் தைத்துக்கொண்டே இருந்தாள். அதுதான் அவரை அதிகமாக உறுத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் இறங்கி வந்தார். “காத்தடிச்சா அந்தப் பட்ட கொம்பு ஏசி பைப்புல உரசுதுங்க. ஆள் வெச்சு வெட்டிடலாம்னு இருக்கேன்.”

“வேணாம் டீச்சர்! உள்ள குஞ்சு இருக்கு. பைப்பை நான் தள்ளிக் கட்டித் தரேன். இப்பவே.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அதற்குள் மனைவி ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாத்திவிட்டாள். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நடுக்கத்தோடேயே ஏறினார். பைப்பைச் சுவரோடு இழுத்துக் கிளாம்ப் போட்டுவிட்டுத் திரும்பினால், கைக்கெட்டும் தூரத்தில் பொந்து. தாய்ப்பறவை பழத்தோடு வந்து, இவரை ஒரு பொருட்டாகவே மதிக்காமல், உள்ளே நீண்ட குட்டி அலகில் திணித்துவிட்டுப் பறந்தது. கால் நடுக்கம் எப்போது நின்றது என்று அவருக்கே தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது.

“ரொம்ப தேங்க்ஸ்ப்பா” என்றார் பொந்தைப் பார்த்து.

“என்கிட்டயா சொன்னீங்க?” என்று கீழிருந்து குரல் வந்தது.

“உனக்கு இறங்கி வந்து சொல்றேன். அது ஒரு வார்த்தையில முடியாது. அதுவரைக்கும் ஏணியை விட்டுடாதே.”