மேகம் மறைத்த தீபம்: அடி அண்ணாமலை மொட்டை மாடியில் ஒரு மாலை

திருவண்ணாமலை தீபத்தை ராஜகோபுரத்தோடு சேர்த்து எடுக்காத ஆளே கிடையாது. எனக்கு அந்தப் படம் வேண்டாம். மலைக்குப் பின்பக்கம், கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில், மலைமேல் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டு வாசலில் அகல் ஏற்றுவார்கள். மேலே தீபம், கீழே இருட்டில் ஒவ்வொரு வாசலாக வரும் விளக்கு, இரண்டும் ஒரே படத்தில் வேண்டும். ஒரு வருடம் லீவு கிடைக்கவில்லை. அடுத்த வருடம் கூட்டத்தில் டிரைபாடை விரிக்கவே முடியவில்லை. அதனால் போன கார்த்திகையில் ஒரு நாள் முன்னதாகவே சென்னையிலிருந்து கிளம்பிவிட்டேன்.

கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணிக்கு பஸ், 190 ரூபாய். வழக்கமாக நாலு மணி நேரம், அன்றைக்கு ஐந்தே முக்கால். பஸ்ஸை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். செங்கம் சாலையில் ரமணாசிரமம் பக்கம் அறை 2,800 ரூபாய். சாதாரண நாளில் 900 ரூபாய்க்குக் கிடைக்கும் அதே அறைதான், குழாய் அப்போதும் ஒழுகும், இப்போதும் ஒழுகுகிறது.

அன்று மாலையே ஆட்டோ பிடித்து மாடி தேடப் போனேன். "எல்லாரும் கோயில் பக்கம் இடம் கேக்கறாங்க, நீங்க இன்னா மேடம் எதிர்ப்பக்கம் போறீங்க?" என்று ஓட்டுநர் சிரித்தார். ஆனாலும் தனக்குத் தெரிந்த ராஜவேலு அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டார். அண்ணனுக்கு நெல் வயலும் ஒரு கறவை மாடும் உண்டு. மனைவி செல்வி அக்கா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். மாடிக்குப் பணம் வேண்டாம் என்றார்கள். அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தீபம் தெரிகிறவரை மேலே விளக்கு கூடாது. எனக்குக் கரும்பு தின்னக் கூலியா? சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

தீபத்தன்று பாதையில் வண்டி விட மாட்டார்கள். அறையிலிருந்து ஆறு கிலோமீட்டர், கூட்டத்தில் இரண்டு மணி நேரம் நடந்தேன். என் கேமரா உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகை, செங்கல் கனம். எப்போது காயலான் கடைக்குப் போடுவாய் என்று நண்பர்கள் கேட்பார்கள். மூன்று மணிக்கு மாடியில் நின்றபோது மலை பளிச்சென்று இருந்தது. இந்தப் பக்கம் மாலை வெயில் மலைமேல் நேராக விழும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வைட் லென்ஸ் மாட்டி, மலை உச்சியையும் தெருவையும் சேர்த்துக் கட்டம் கட்டி, டிரைபாடின் கால்களை இறுக்கினேன்.

நாலரைக்கு மேகம் வந்தது. ஐந்தரைக்கு மலையின் மேல்பாதியே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சரியாக ஆறு மணிக்குக் கோயில் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. தீபம் ஏற்றியாகிவிட்டது. எங்களுக்குத் தெரிந்தது வெறும் சாம்பல் நிறம்.

என் படத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த நான், அப்போதுதான் பக்கத்தில் நின்ற அக்காவைக் கவனித்தேன். மார்கழி போலக் குளிரடிக்கிறது, அவர் நெற்றியெல்லாம் வியர்வை. அண்ணன் என்னைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னார். அக்காவுக்குச் சர்க்கரை. காலையில் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுவிட்டார், விரதம் என்று சாப்பாட்டை விட்டுவிட்டார். தீபத்தைக் கண்ணால் பார்க்காமல் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார். ஒருமுறை இப்படித்தான் சமையல்கூடத்தில் விழுந்து, ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்தாராம்.

என் பையில் சாக்லேட் இருந்தது. நீட்டினேன், வாங்கவில்லை. வெடிச் சத்தம்தான் கேட்டுவிட்டதே, போதாதா என்று அண்ணன் கெஞ்சினார். கேட்டால் போதாது என்றார் அக்கா. மலைக்கு இடப்பக்கம் மேகம் லேசாக வெளுத்தது. அண்ணன் அதைக் காட்டினார்.

"தோ பாரு செல்வி, வெளிச்சம் தெரியுது."

"அது நிலா. எனக்குத் திசை தெரியாதுன்னு நெனச்சியா?"

சுவரைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கியது. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு யோசனையும் வந்தது. மங்கலான வெளிச்சத்தை நம் கண்ணைவிடக் கேமரா நன்றாகச் சேகரிக்கும். பதினைந்து விநாடி திறந்துவைத்து ஒரு படம் எடுத்தேன். உச்சி இருக்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீற்றல். திரையைக் காட்டினேன். நன்றாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"இது உங்க கேமரா பாத்ததும்மா. நான் இன்னும் பாக்கலையே."

பிறகுதான் என் செங்கல் கேமராவின் அருமை எனக்கு உறைத்தது. புது கேமராவில் கண்ணை வைத்தால் தெரிவது உள்ளே இருக்கும் குட்டித் திரை. பழையதில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சமே கண்ணாடியில் பட்டு நேராகக் கண்ணுக்கு வரும். அக்காவிடம் அதைச் சொன்னேன்.

"உங்க மூக்குக்கண்ணாடி மாதிரிதான்க்கா. இதுல போட்டோ எதுவும் இல்ல."

குனிந்து லென்ஸைப் பார்த்தார். "மலைமேல இருந்து வர்ற வெளிச்சமேதானா?"

"அதேதான்க்கா."

மூன்று மணிக்குக் கட்டிய கட்டத்தைக் கலைத்தேன். வைட் லென்ஸைக் கழற்றி, தூரத்தை அருகே இழுக்கும் டெலி லென்ஸ் மாட்டி, டிரைபாட் அவர் உயரத்துக்கு வராததால் கேமராவை அவர் கையில் கொடுத்து, லென்ஸின் அடியை நான் தாங்கிக்கொண்டேன். மேகத்தில் எதுவும் பிடிபடவில்லை. கொஞ்சம் வலது பக்கம், கொஞ்சம் மேலே என்று நான் சொல்லச் சொல்ல நகர்த்தினார். அவர் முழங்கை என் விலாவில் இடித்து நடுங்கியது.

"இருக்கு," என்றார் அக்கா. "சின்னதா, செவப்பா. ஐயோ, போயிடுச்சு." கொஞ்சம் பொறுத்து, "இல்ல, இருக்கு."

உடனே சாப்பிட்டாரா என்றால் இல்லை. முதலில் வாசலில் அகல் ஏற்ற வேண்டுமாம். அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துப் படி இறக்கினோம். மூன்றாவது தீக்குச்சியில்தான் திரி பிடித்தது. அதற்குப் பிறகுதான் சர்க்கரைத் தண்ணீரை வாயில் வைத்தார். அந்த நேரம் பார்த்துத் தெருவே "அரோகரா" என்றது. மேகம் விலகிவிட்டது. எதிர்வீடு, அடுத்த வீடு என்று அகல்கள் வரிசையாக எரியத் தொடங்கின. நான் கேட்ட படம் அப்படியே என் தலைக்கு மேலே நடந்துகொண்டிருந்தது. கேமரா மாடியில் இருந்தது, ஓடலாமா என்று நினைத்தேன். அக்கா என் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். அவர் பிடி தளர்ந்து நான் மேலே போனபோது மேகம் திரும்ப மூடியிருந்தது.

நீங்கள் போவதாக இருந்தால்: மாடியை முந்தின நாளே கேட்டுவையுங்கள், டெலி லென்ஸை உறையோடு கழுத்திலேயே மாட்டிவையுங்கள். மேகம் வந்தால் கலங்காதீர்கள், தீபம் பதினோரு நாள் எரியும். கூட்டம் குறைந்த பிறகு நிதானமாக எடுக்கலாம். பையில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று இருக்கட்டும். மாடி கொடுக்கிறவர்களிடம் விரதம் யாருக்கு, மாத்திரை யாருக்கு என்றும் கேட்டுவிடுங்கள். கை நடுங்கினால் இருட்டுப் படம் கெட்டுப்போகும் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பும் பஸ்ஸில் படங்களைப் பார்த்தேன். நான் எடுத்த அந்தத் தீற்றலை விட்டால், தீபம் இருந்தது ஒன்றே ஒன்றில்தான். கறுப்பு நடுவே புழு நெளிந்தது போல ஓர் ஆரஞ்சுக் கோடு. அக்காவின் விரல் தெரியாமல் பொத்தானில் பட்டிருக்கிறது. படம் எடுக்கும்போது உள்ளே கண்ணாடி மேலே போய்ப் பார்வை இருட்டாகும். "போயிடுச்சு" என்றாரே, அந்தப் பதினைந்து விநாடி.

அதை அண்ணன் போனுக்கு அனுப்பி, அக்கா எடுத்த படம், தீபம் கொஞ்சம் ஆடிவிட்டது என்று எழுதினேன். சாயங்காலம் அக்காவே குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

"தீபம் ஆடலம்மா. நான்தான் ஆடிட்டேன்."