எழுபத்தேழு ராத்தல்

சும்மா சொல்லவில்லை. நான் நாலாம் பாரம், இப்போதைய ஒன்பதாம் வகுப்பு, படித்த வருஷம், ராயபுரத்தில் எங்கள் பெண்கள் பள்ளியில் என்னை ஓடி ஜெயிக்க ஒருத்தி கிடையாது. நூறு கஜ ஓட்டத்தில் நான் கயிற்றைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மற்றவர்கள் பாதி மைதானத்தில் இருப்பார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன்தான். இந்த வயதில் அதற்குக்கூட உரிமை இல்லையா? விளையாட்டு விழாவில் இவள்தான் முதல் என்று டிரில் டீச்சர் வாயெல்லாம் பல்லாக எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

அதில்தான் மண் விழுந்தது. விழாவுக்கு ஒரு மாதம் முன்பு உடல் பரிசோதனைக்கு வந்த டாக்டரம்மா என்னை எடை மெஷினில் நிறுத்தினார். நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், என் சுகாதார அட்டையில் சிவப்பு மையால் எழுதினார். எழுபத்திரண்டு ராத்தல், இன்றைய கணக்கில் முப்பத்திரண்டு கிலோ சொச்சம்; உயரத்துக்கு எடை போதாது. விழாவுக்கு முந்தின திங்கட்கிழமை மறுபடி வருவேன், எழுபத்தேழு இருந்தால் ஓடலாம், இல்லாவிட்டால் உட்கார்ந்து கைதட்டு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் அட்டையைக் காட்டி ஓவென்று அழுதேன். நைனாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, எண்கள் தெரியும். கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், கப்பலுக்குப் போகும் மிளகாய் வற்றல் கிடங்கில் மூட்டை நிறுக்கிற வேலை அவருக்கு. வெகுநேரம் அட்டையையே பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அழுகிற பிள்ளையைத் தேற்றக்கூட இல்லையே என்று எனக்கு ஒரே ஆத்திரம்.

அந்தச் சனிக்கிழமையே என்னைக் கிடங்குக்குக் கூட்டிப்போனார். மூட்டைகளை வைத்து நிறுக்கும் பெரிய எடை மேடையில் ஏற்றினார். சுற்றிலும் மிளகாய் நெடி. நான் தும்மத் தும்மத் தராசுக் கோல் மேலும் கீழும் குதித்தது.

"ஆடாத கண்ணு, மூச்ச புடிச்சிக்கினு நில்லு."

"நெடி ஏறுது நைனா!"

"ஏறட்டும். எதுனா ஒண்ணு ஏறுதே."

கிடங்கே சிரித்தது. எழுபத்திரண்டுதான். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "பொட்டப்புள்ளய மொளகா மூட்டையாட்டம் நிறுத்துகினு வந்தியே, கண்ணு படாதா?" என்று கத்திவிட்டு, அடுத்த மூச்சில் "எவ்ளோ கீது?" என்று கேட்டாள்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் சுகாதாரப் பாடப் புத்தகம் எங்கள் வீட்டுக்குச் சட்டமாகிவிட்டது. நான் உரக்கப் படிக்க வேண்டும், நைனா அதை நிறைவேற்றுவார். ஒரு வாய்ச் சோற்றை முப்பத்திரண்டு தடவை மெல்ல வேண்டும் என்று போட்டிருந்தது. எதிரே உட்கார்ந்து விரல் விட்டு எண்ணுவார். ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்க வேண்டும் என்று போட்டிருந்தது. எங்கள் ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்து நிலக்கரித் தூசிதான் வரும். காலையில் எல்லாருக்கும் மூக்கு கறுப்பு. மூடப் போன அம்மாவிடம், "புக்குல போட்டுகீது, தொடாத" என்று சண்டைக்குப் போவார். சுறாப்புட்டு, ஈரல், முட்டை, நாற்றம் பிடித்த மீனெண்ணெய் என்று ஒரு வேளை தப்பாது. இரண்டாம் சனிக்கிழமை எழுபத்து நாலு ஆனேன்.

அதற்கு மேல் கோல் அசைய மறுத்தது. மூன்றாம் சனிக்கிழமையும் நெருங்கிவிட்டது. அப்போதுதான் அம்மாவின் தம்பி, கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போகிற மாமா, ஒரு யோசனை சொன்னார். வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளை, நைனாவுக்குத் தெரியாமல், என் பாவாடை நாடாவில் கோத்துக் கட்டிவிட்டார். கிடங்கில் சரிப்பட்டால் பள்ளிக்கூடத்திலும் சரிப்படும் என்பது அவர் கணக்கு. வேடிக்கை பார்க்க அவரும் கூடவே வந்தார்.

கோல் எழுபத்தேழில் நின்றது. நைனா இரண்டு தடவை சரிபார்த்தார். "எம்மாம் ஏறிகீது பாருங்கடா!" என்று ஆட்களையெல்லாம் கூப்பிட்டார். அவர் கண்ணில் தண்ணீர், மிளகாய் நெடி என்றுதான் நினைத்தேன். சந்தோஷத்தில் நான் துள்ளிக் கீழே குதித்தேன். நாடா அவிழ்ந்தது. ஈயக்குண்டுகள் தரையில் உருண்டு ஓடின.

மாமாவின் குறும்புக்கெல்லாம் முதலில் சிரிக்கிறவர் நைனாதான். அன்று மாமாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"கோலு ஏறி இன்னாடா ஆவறது? அவ ஒடம்புல ஏறணும்டா, ஒடம்புல!"

குரல் உடைந்துபோய்விட்டது. ஓட்டப்பந்தயம் என்னுடையது, இவர் எதற்கு இப்படிக் கத்துகிறார் என்று நான் திருதிருவென்று விழித்தேன்.

ஈயம் இல்லாமலேயே ஏறினேன், அது என் கெட்டிக்காரத்தனம். நாலாம் சனிக்கிழமை எழுபத்தாறு. இரண்டு நாள் கழித்துப் பள்ளி மெஷினில் எழுபத்தேழு, அதற்கும் ஒரு நூல் மேலே. டிரில் டீச்சர் என்னைத் தூக்கிச் சுற்றினார். வாசலில் நைனா வேலையை விட்டுவிட்டு வந்து நின்றிருந்தார். தூரத்திலிருந்தே எண்ணைச் சொன்னேன். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

விழாவன்று நான் கோட்டில் குனிந்து நிற்கிறேன். விசில் ஊதப் போகிற நேரம். வெள்ளை வேட்டி அப்பாக்களுக்கு நடுவில், மிளகாய்ச் சிவப்பு ஏறிய சட்டையோடு ஒரு குரல் எழும்பியது.

"எழுபத்தேழு ராத்தல்! எம்பொண்ணு! எழுபத்தேழு ராத்தல்!"

மைதானமே சிரித்தது. இன்று யாராவது எனக்காக அப்படிக் கத்தினால் ராணி மாதிரி நிமிர்ந்து நிற்பேன். அன்று மானம் போய்விட்டது. விசில் ஊதியதைக் கவனிக்காமல் ஒரு விநாடி தாமதமாகக் கிளம்பினேன். இரண்டாவதாகத்தான் வந்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நைனா டீக்கடைக்காரரிடமும் ரிக்ஷாக்காரரிடமும் என் எடையைச் சொல்லிக்கொண்டே வந்தார். எத்தனையாவது வந்தேன் என்பது அவர் நினைவிலேயே இல்லை.

நைனா காலமாகி வெகுநாள் கழித்து ஒருநாள் பேச்சுவாக்கில் மாமா சொன்னார். நைனாவுக்கு ஒரு தங்கை இருந்து, நான் பிறக்குமுன்பே போய்விட்டாள் என்பதுவரை எனக்குத் தெரியும். பதினாலு வயதில், காசநோயில், துரும்பாக இளைத்துப் போனாள் என்பது தெரியாது. மாதா மாதம் பாவாடையைப் பிடித்துத் தைத்துப் போட்டார்களாம். வளர்கிற பெண் அப்படித்தான் இருப்பாள் என்று எல்லாருக்கும் சமாதானம் சொன்னதே நைனாதானாம். அப்போதும் அவருக்கு இதே கிடங்கில் இதே வேலை.

"கப்பல் கப்பலா நிறுத்தேனே, கூடப் பொறந்தவள ஒரு தபா அந்த மேடையில ஏத்திப் பாக்கலியேன்னு சாவுற வரிக்கும் சொல்லிக்கினே இருந்தார்மா" என்றார் மாமா.

என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று மைதானத்திலிருந்து வீடுவரை, முதல் பரிசு போன கோபத்தில், நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.