டெக்ஸாஸ்காரரிடம் துக்கம் விசாரித்த கதை

2008-இல் நான் சவுதியில், ஜுபைலில் ஒரு பெட்ரோகெமிக்கல் ப்ராஜெக்டில் பைப்பிங் டிராஃப்ட்ஸ்மேன். அமெரிக்கத் தேர்தல் முடிவு வந்த காலை. அங்கே யார் ஜெயித்தால் இவனுக்கென்ன என்றுதானே கேட்கிறீர்கள்? என் கல்யாணமே அதில் மாட்டிக்கொண்டிருந்தது ஐயா!

முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள். ப்ராஜெக்ட் மேனேஜர் லீவ் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் ஊருக்குப் போய்த் திரும்ப எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா. வேலை முடியட்டும் என்று இரண்டு தடவை தள்ளிப்போட்டிருந்தார். அன்று மத்தியானம் அவரே ஒரு மாத வெகேஷனில் கிளம்புகிறார். டெக்ஸாஸ்காரர், நல்ல மனிதர். ஆனால் மூட் கெட்டிருந்தால் எந்தக் காகிதத்தையும் தொட மாட்டார்.

பக்கத்து சீட் செல்வராஜ், பரமக்குடிக்காரன், இன்டர்நெட்டில் முடிவைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"மாப்ள, சோலி முடிஞ்சுச்சு! நீலக் கட்சி ஜெயிச்சிருச்சு. டெக்ஸாஸ் செவப்புக் கட்சிக் கோட்டை. நம்ம மேனேஜர் கட்சி அவுட்டு."

"இன்னைக்கு விட்டா கல்யாணமே மாஃபிடா, இல்லவே இல்ல! என்னடா பண்றது?"

"மொதல்ல துக்கம் விசாரி. அப்புறமா மெதுவா ஃபாரத்தை எடு."

போனேன். குட்மார்னிங்கூடச் சொல்லவில்லை. ஊர் வழக்கப்படி அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன். மனிதர் பதறிவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார்.

"வீட்ல யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஆங்கிலத்தில் கேட்டவர், எமர்ஜென்சி லீவ் ஃபாரத்தையே வெளியே எடுத்துவிட்டார்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல சார். உங்க கட்சி தோத்துருச்சே, அதான்..."

என்னையே பார்த்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மானிட்டரை என் பக்கம் திருப்பினார். டெக்ஸாஸ் மேப், மாவட்டவாரியாக. சிவப்புக்கு நடுவே அங்கங்கே நீலத் திட்டு.

"இது ஆஸ்டின், என் ஊர். இது டாலஸ், இது ஹூஸ்டன். பெரிய ஊர்ல முக்கால்வாசி நீலம்தான். சின்ன டவுன், பண்ணை எல்லாம் சிவப்பு. எங்க கட்சிதான்யா ஜெயிச்சிருக்கு! எங்கப்பா ஒரு சின்ன டவுன்ல இருக்கார், அவர் சிவப்பு. துக்கம் விசாரிக்கணும்னா அவருக்குப் போன் போடு."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கேம்பில் பல் தேய்க்க வரிசையில் நிற்பவனிடம்கூட எந்த ஊரு, எந்தத் தெரு என்று குடைகிற நாங்கள், இவரிடம் இரண்டு வருஷமாக மாநிலத்தோடு நின்றுவிட்டோம். ஓவரால் ப்ளானை மட்டும் பார்த்துவிட்டு டீடெயில் டிராயிங்கைப் பிரிக்காத டிராஃப்ட்ஸ்மேனை என்னவென்று சொல்வது!

என் லீவ் ஃபாரத்தை நீட்டினேன். படித்தார்.

"உன் கல்யாணத்துக்கா? பொண்ணு முன்னாடி இந்த மூஞ்சியோட போய் நிக்காதே."

கையெழுத்துப் போட்டார். ரிமார்க்ஸ் கட்டத்தில், 'இவர் கட்டாயம் சிரிக்க வேண்டும்' என்று ஆங்கிலத்தில் எழுதியும் வைத்தார்.

புதிதாக வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: மேனேஜர் மூடைக் கணக்குப் போடும் முன் அவர் ஊரைக் கேளுங்கள். அந்த ஃபாரத்தின் ஜெராக்ஸை என் மனைவி இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் போதும், ஆபீஸ் ஆர்டர் என்று எடுத்து நீட்டிவிடுவாள்.